பிராக்கின் அரச வழி: போக ஒரு முறை, திரும்ப ஒரு முறை

செக் நாட்டுத் தலைநகர் பிராக்கில், வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி சார்லஸ் பாலத்தின் மறுமுனை வரை நடந்தால் ஒன்றரை கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். எங்கும் நிற்காமல் போனால் இருபத்தைந்து நிமிடம். போஹீமியா என்ற பழைய செக் அரசின் மன்னர்கள் முடிசூட்டிக்கொள்ளக் கோட்டைக்கு ஊர்வலம் போன பாதை இது. 1438 இல் இரண்டாம் ஆல்பிரெக்ட் முதலில் போனார், 1836 இல் ஐந்தாம் பெர்டினாண்ட் கடைசியாகப் போனார். அதனால்தான் அரச வழி என்று பெயர்.

பெரும்பாலானவர்கள் காலை 10 மணிக்கு மேல் வந்து, கூட்டத்தோடு கூட்டமாக ஒரே மூச்சில் பாலம் வரை போய், களைத்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பாலத்தின் மேல் முன்னால் நடப்பவரின் முதுகுதான் தெரியும். தூரம் குறைவு என்பதால் இந்த வழியை இரண்டு முறை நடப்பதே சரி. சூரியன் எழுந்து அரை மணிக்குள் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு முறை, வெளிப்புறங்களை மட்டும் பார்த்தபடி. பிறகு அதே வழியில் திரும்பி வரும்போது, கதவுகள் திறந்திருக்கும் இடங்களுக்குள் நுழையலாம். மொத்தம் மூன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கும். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இதில் பருவக் கணக்கு முக்கியம். ஜூன் கடைசியில் காலை 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும், டிசம்பரில் 8 மணி ஆகும். கோடையில் 6 மணிக்குப் புறப்பட்டால் பாலத்தில் நிதானமாக நின்றுவிட்டு, 9 மணிக்கு, பழைய நகரச் சதுக்கத்து நகர மன்றத்தின் வானியல் கடிகாரம் காட்டும் முதல் பொம்மைக் காட்சிக்கு வந்துவிடலாம். குளிர்காலத்தில் அது முடியாது. 10 மணிக் காட்சியைக் குறிவையுங்கள்.

மெட்ரோவின் பி தடத்தில் ‘நாமியெஸ்தி ரெபுப்ளிகி’ நிலையத்தில் இறங்க வேண்டும். நிலையத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு. தவறான பக்கம் ஏறினால் மசாரிக் ரயில் நிலையத்தருகே போய் நிற்பீர்கள். காகிதப் பயணச்சீட்டை நகரும் படிக்கட்டுக்கு முன் இருக்கும் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தினால்தான் அது செல்லும். வாங்கிப் பையில் வைத்திருந்தால் போதாது. சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் முத்திரையைத்தான் பார்ப்பார்கள்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. நடைபாதைகளில் விரலளவுக் கற்துண்டுகளைக் கோலம்போலப் பதித்திருப்பார்கள், நடுத்தெருவில் பெரிய உருண்டைக் கற்கள். இரண்டுமே தேய்ந்து வழுவழுத்தவை. மழை பெய்தாலோ பனி உறைந்தாலோ தோல் அடிப்பாகம் உள்ள செருப்பு நிற்காது. ரப்பர் அடியுள்ள, கணுக்காலைப் பிடிக்கும் காலணி போதும். சக்கரப் பெட்டியை இந்த வழியில் இழுத்து வராதீர்கள். சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி அச்சு முறியும்.

வெடிமருந்துக் கோபுரம் கறுத்து, புகைபிடித்த அடுப்புச் சுவர்போல நிற்கும். 1475 இல் தொடங்கினார்கள். உயரம் 65 மீட்டர். இப்போது ஆர்ட் நுவோ பாணி நகர மாளிகை நிற்கும் இடத்தில், கோபுரத்தை ஒட்டியே அப்போது அரசவை இருந்தது. அதற்கு அழகு சேர்க்கத்தான் மன்னர் இரண்டாம் விளாதிஸ்லாவ் காலத்தில் இதைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1483 இல் நகரில் கலவரம் வெடிக்க, மன்னர் ஆற்றுக்கு அப்பால் கோட்டைக்கே குடிபெயர்ந்தார். கோபுரம் அரைகுறையாக நின்றுபோனது. பின்னாளில் வெடிமருந்து வைக்கும் கிடங்கானது, பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று நீங்கள் காணும் சிற்பங்களும் கூரையும் பெரும்பாலும் யோசெஃப் மோக்கர் 1878 முதல் 1886 வரை புதுப்பித்தபோது வந்தவை. மேலே ஏற 186 படிகள். வேண்டாம் என்பேன், கால் பலத்தைப் பாலத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கோபுர வளைவுக்குள் நுழைந்தால் செலெட்னா தெரு. சில அடிகளில் இடப்பக்க மூலையில், கூண்டுக்குள் கறுப்பு மாதா சிலை பதித்த வீடு வரும். யோசெஃப் கோச்சார் 1911, 1912 ஆண்டுகளில் கட்டியது. உருவங்களைக் கோணப் பட்டைகளாக உடைத்துக் காட்டும் கியூபிசம் என்ற பாணியைக் கட்டடக் கலையில் பெரிய அளவில் முயன்ற நகரம் பிராக் ஒன்றுதான் என்று சொல்லலாம். சன்னல்கள் படிகக் கல்லைப் பட்டை தீட்டியதுபோல மடிந்து மடிந்து வருவதைப் பாருங்கள். ஆனாலும் பக்கத்துப் பழைய வீடுகளோடு உரசாமல் நிற்கிறது. தெருவின் பெரும்பாலான வீடுகளில் கடைகளின் உயரத்தைத் தாண்டிக் கண்ணை ஓட்டுங்கள். தரைத்தளம் முழுக்கக் கடைகள்தான், பழமை முதல் மாடிக்கு மேலேதான் இருக்கிறது.

இந்த வீட்டின் வாசலிலேயே ஒரு பயனுள்ள பாடம் படிக்கலாம். பிராக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண் பலகைகள். சிவப்புப் பலகையில் அந்தப் பகுதியில் வீட்டுக்குக் கொடுத்த பதிவு எண், நீலப் பலகையில் தெருவில் அதன் வரிசை எண். முகவரியில் ‘செலெட்னா 569/34’ என்று எழுதியிருந்தால் 569 சிவப்பு, 34 நீலம். தெருவில் தேடும்போது நீலத்தை மட்டும் பின்பற்றுங்கள். சிவப்பு எண்கள் வரிசையாக வராது, அதைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறவர்கள் ஏராளம். எண்கள் 1770 இல்தான் வந்தன. அதற்கு முன் வீடுகளுக்குக் கதவுக்கு மேல் செதுக்கிய அடையாளங்கள்தான் முகவரி. கறுப்பு மாதா அப்படி ஒன்று. வழிநெடுகப் பல வாசல்களில் இன்னும் இருக்கின்றன.

இங்கிருந்து இடப்பக்கம் மூன்று நிமிடம் விலகினால் கரோலினம், 1348 இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் கோதிக் கல் மாடத்துக்காகவே போகலாம். தமிழ் வாசகருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிராக்கில் 1927 இல் பிறந்த கமில் சுவெலபில் படித்த பல்கலைக்கழகம் இது. சங்கப் பாடல்களையும் சித்தர் பாடல்களையும் ஐரோப்பியர் அறியச் செய்தவர். 1968 இல் சோவியத் படைகள் புகுந்தபின் நாட்டை விட்டு வெளியேறினார்.

பழைய நகரச் சதுக்கம் அதிகாலையில் வெறிச்சோடிக் கிடக்கும்போதுதான் அதன் அளவு புரியும். வலப்பக்கம் தீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள், 80 மீட்டர். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், கூர்ந்து பார்த்தால் தெற்குக் கோபுரம் சற்றுப் பருத்தது. தேவாலயத்துக்கு நேரடி வாசல் தேடி முன்னால் சுற்றாதீர்கள். அதற்கு முன் வளைவுகளோடு நிற்கும் வீட்டுக்குள் ஒரு நடை இருக்கிறது, அதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். 1601 இல் இறந்த வானியலாளர் டைகோ பிராகியின் கல்லறை உள்ளே.

நகர மன்றத்தின் கிழக்குப் பக்கத் தரையில் வெள்ளைக் கல்லால் 27 சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1621 ஜூன் 21 அன்று, ஆஸ்திரிய அரச குடும்பமான ஹாப்ஸ்பர்க்கின் ஆட்சியை எதிர்த்த 27 பேரைக் கொன்ற இடம். பகலில் இவற்றின்மேல் ஆயிரம் கால்கள் நிற்கும், கண்ணில் படவே படாது. அதே மன்றத்தின் ஒரு பக்கம் வெட்டிய ரொட்டிபோல முடிந்திருப்பதும் காலையில்தான் உறைக்கும். வடக்குப் பகுதி 1945 மே 8 அன்று, நாஜிப் படைகளை எதிர்த்த பிராக் எழுச்சியின்போது எரிந்தது. மறுபடி கட்டவேயில்லை, புல்வெளியாக விட்டுவிட்டார்கள்.

கடிகாரத்தை இப்போது தாண்டிப் போகலாம், திரும்பும்போது அதற்கென்றே நேரம் இருக்கிறது.

சதுக்கத்திலிருந்து சிறு சதுக்கம், அங்கிருந்து கார்லோவா தெரு. இங்கேதான் வழி தவறும். கார்லோவா நேர்க்கோடாகப் போகாது, வளைந்து ஒடிந்து போகும். அகலமாகத் தெரியும் பக்கம் போனால் யில்ஸ்காவோ ஹுசோவாவோ உங்களைத் தெற்கே இழுத்துவிடும். ஹுசோவாவைக் குறுக்கே கடந்தபின் வலப்பக்கம் நீளமான, சிலைகள் குறைந்த சுவர் தொடர்ந்து வந்தால் சரியான பாதை. அது கிளெமென்டினம், 1556 இல் வந்த இயேசு சபையார் எழுப்பிய கல்லூரி வளாகம். எதிர்ப்பக்கம் நான்காம் எண் வீட்டில் யோகன்னஸ் கெப்ளர் 1607 முதல் 1612 வரை குடியிருந்தார். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்ற அவருடைய முடிவு 1609 இல் அச்சேறியபோது முகவரி இதுதான்.

இந்தத் தெருவிலும் செலெட்னாவிலும் நாணயமாற்றுக் கடைகள் வரிசைகட்டி நிற்கும். ‘கமிஷன் இல்லை’ என்ற பலகை உண்மையாக இருக்கலாம், ஆனால் விலையே மோசமாக இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது அவர்கள் உங்களுக்கு யூரோ விற்கும் விலையாக இருக்கலாம். நீங்கள் யூரோ கொடுத்து செக் நாணயமான கொருனா வாங்கும்போது பொருந்துவது ‘வாங்கும் விலை’. கொடுக்கும் முன் ‘இந்த 50 யூரோவுக்கு என் கையில் எத்தனை கொருனா?’ என்று கேட்டு, தாளில் எழுதச் சொல்லுங்கள். தவறி மாற்றிவிட்டால் ரசீதைக் கசக்கி எறியாதீர்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 1000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை 3 மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்துசெய்யலாம். தெருவில் வந்து நல்ல விலை சொல்கிறவரிடம் மாற்றவே கூடாது. செல்லாத அயல்நாட்டுத் தாள்களைக் கட்டாகக் கொடுத்துவிட்டு மறைந்துவிடுவார். ஏடிஎம்மில் ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கவா?’ என்று திரை கேட்டால் மறுத்துவிட்டு, கொருனாவிலேயே கழிக்கச் சொல்லுங்கள்.

கார்லோவா முடியும் இடத்தில் ஒரு சாலையைக் கடக்க வேண்டும். அகலம் சின்னது, ஆபத்து பெரிது. டிராம் கட்டடங்களுக்கு இடையிலிருந்து திடீரென வரும். செக் நாட்டில் கோடு போட்ட இடத்திலும் நடப்பவருக்கு டிராம் வழிவிட வேண்டியதில்லை, நாம்தான் நிற்க வேண்டும். கோபுரத்தைப் பார்த்த பரவசத்தில் தலை நிமிர்ந்தபடி தண்டவாளத்தில் கால்வைப்பவர்களை எச்சரிக்க ஓட்டுநர் மணியடித்துக்கொண்டே இருப்பார். பச்சை விளக்குக்குக் காத்திருங்கள்.

பழைய நகரப் பாலக் கோபுரத்தின் கிழக்கு முகத்தில் நான்காம் சார்லஸ் மன்னரும் மகன் நான்காம் வென்செஸ்லாஸும் அமர்ந்திருக்க, நடுவில் புனித விட்டஸ். கட்டடக் கலைஞர் பேத்தர் பார்லெர் பட்டறையின் வேலை. வளைவைக் கடந்ததும் திரும்பி மேற்கு முகத்தைப் பாருங்கள், மொட்டையாக இருக்கும். 1648 இல் எதிர்க்கரையைப் பிடித்த ஸ்வீடன் படை பாலம் வழியாக நுழைய முயன்றபோது பீரங்கி தின்ற பக்கம் அது. முப்பதாண்டுப் போர் இந்தக் கல்லில்தான் முடிந்தது என்று சொல்லத் தோன்றும்.

பாலம் 516 மீட்டர் நீளம், சுமார் 10 மீட்டர் அகலம், 16 வளைவுகள். இதற்கு முன் இருந்த யூதித் பாலத்தை 1342 வெள்ளம் அடித்துச் சென்றது. புதிய பாலத்துக்கு 1357 ஜூலை 9 காலை 5:31க்கு அடிக்கல் நாட்டியதாகச் சொல்வார்கள். ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் என்று எழுதினால் 1 3 5 7 9 7 5 3 1, ஏறி இறங்கும் ஒற்றைப்படை எண்கள். சோதிடர் குறித்த நல்ல நேரம் என்பது வழக்கு. அப்படிப் பார்த்தும் 1890 வெள்ளத்தில் மேலிருந்து மிதந்து வந்த மரக்கட்டைகள் வளைவுகளை அடைத்து, மூன்று வளைவுகள் இடிந்தன. பாலத்தில் ஏறும் முன் கரைச்சுவரில், தாடிக்காரர் ஒருவரின் கல் முகத்தைத் தேடுங்கள். பழைய பாலத்திலிருந்து எடுத்துப் பதித்தது. நீர் அவர் தாடி வரை வந்தால் கரையோர மக்கள் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். வெள்ளமானி என்று அவரைச் சொல்லலாம்.

காலையில் வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கமிருந்து எதிர்க்கரைக் கோட்டைமேல் விழும். படம் எடுக்க இதுவே நேரம். மாலையில் கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கும், அப்போது நிழலுரு மட்டும் கிடைக்கும். இரு பக்கமும் உள்ள 30 சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள். மணற்கல்லால் ஆன மூலச் சிலைகளை அரித்துப்போகாமல் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். வலப்பக்கம் எட்டாவது, ஆற்றில் தள்ளப்பட்ட புனிதர் நெபொமுக் யோவான், 1683, வெண்கலம். பாலத்தில் வைத்த சிலைகளில் மிகப் பழையது. அடிப்பீடத்தில் உள்ள இரண்டு புடைப்புச் சிற்பங்களும் தடவித் தடவிப் பொன்னாகிவிட்டன. ஒன்றில் நாயைத் தடவுகிறார்கள், அதற்கும் அவர் கதைக்கும் தொடர்பில்லை. 1393 இல் அவரை ஆற்றில் தள்ளிய இடம் என்று சொல்வது அதற்குச் சற்று முன், கைப்பிடிச் சுவரில் ஐந்து நட்சத்திரங்களோடு பதித்த சிறு சிலுவையைத்தான்.

மறுமுனையில் காபி குடித்துவிட்டுத் திரும்புங்கள். நடக்க முடியாதவர் உடன் இருந்தால் சற்றுத் தள்ளி உள்ள மாலா ஸ்த்ரானா சதுக்கத்தில் 22 ஆம் எண் டிராம் கோட்டைப் பக்கம் ஏறும்.

திரும்பும் வழியில் எந்தக் கோபுரத்தில் ஏறுவது? என் தேர்வு பாலக் கோபுரம், 138 படிகள். பாலத்தை நீளவாக்கில், சிலைகளின் தலைகள் வரிசையாகப் போவதை, வேறெங்கிருந்தும் இப்படிப் பார்க்க முடியாது. திறக்கும் நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும். பாலத்துக்குப் போகும்போதே வாசல் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு நகர மன்றக் கோபுரம்தான், அதில் லிஃப்ட் உண்டு. கிளெமென்டினத்துக்குள் வழிகாட்டியோடு மட்டும் போகலாம். 172 குறுகலான படிகள். 1722 இல் முடித்த நூலக மண்டபத்துக்குள் கால்வைக்க விடமாட்டார்கள், வாசலில் நின்று பார்க்கலாம். 1775 முதல் தினமும் வெப்பநிலை குறித்துவரும் இடம் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம்.

இனிக் கடிகாரம். 9 மணி முதல் இரவு 11 வரை ஒவ்வொரு மணிக்கும் காட்சி. முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். பலர் ஏமாந்து, ‘இதற்காகவா?’ என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். பொம்மைகளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். 10 நிமிடம் முன்பே வந்து, முகப்பைப் படிக்கப் பழகிவிட்டுக் காத்திருங்கள். கூட்டத்தின் முன்வரிசை வேண்டாம், கழுத்து ஒடியும். பத்துப் பதினைந்து அடி பின்னால், எதிர்க் கட்டட ஓரமாக நின்றால் மேல் சன்னல்களும் தெரியும், முதுகுக்குப் பின்னால் ஆளும் இருக்காது. மணி அடிக்கும்போது எல்லோர் கையும் செல்பேசியோடு தலைக்கு மேல் போகும், பைகள் கவனிப்பாரற்றுத் தொங்கும். ஜேப்படிக்காரர்கள் காத்திருப்பது அந்த முக்கால் நிமிடத்துக்குத்தான்.

படிக்கும் முறை இது. வட்டத்தின் நீலம் பகல், நடுவில் கீழே கறுப்பு இரவு, இடையில் செம்பழுப்பு விடியலும் அந்தியும். சூரியன் பதித்த முள் இந்தப் பின்னணியில் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பொழுது தெரியும். அதே முள்ளின் நுனியில் உள்ள பொற்கை ரோமன் எண்ணில் காட்டுவது இன்றைய மணி. கோடையில் கடிகாரத்தை முன்தள்ளுவதில்லை, ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். வெளி வளையத்தில் பழைய எழுத்து வடிவில் 1 முதல் 24 வரை இருப்பது பழைய செக் நேரம். சூரியன் மறையும் கணம்தான் 24. பொற்கை அதில் 20ஐத் தொட்டால் மறைய இன்னும் 4 மணி நேரம் இருக்கிறது என்று பொருள். வீடு திரும்ப எவ்வளவு வெளிச்சம் மிச்சம் என்பதை ஒரே பார்வையில் சொல்லும் இந்த ஏற்பாடு நம் கைக்கடிகாரத்தில் இல்லை. சூரியமறைவு நாளுக்கு நாள் மாறுவதால் அந்த வளையமே ஆண்டு முழுதும் முன்னும் பின்னும் நகரும். உள்ளே கறுப்பு எண்கள், சூரியன் எழுந்து மறையும் வரையிலான பகலை எவ்வளவு நீளமானாலும் 12 பங்காகப் பிரிப்பவை. ராகு காலக் கணக்கில் பகலை எட்டாகப் பிரிப்பது தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். ராசி வளையத்தை மட்டும் நம் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடாதீர்கள். அங்கே மார்ச் 20 வாக்கிலேயே சூரியன் மேஷத்தில் நுழைந்துவிடும், நமக்கு அது சித்திரை முதல் நாள். பாதி வெள்ளி, பாதி கறுப்பான சிறு உருண்டை தானே சுழன்று பிறையைக் காட்டும்.

மணி நெருங்கும்போது கண்ணை வலப்பக்க எலும்புக்கூட்டில் வையுங்கள். காட்சியைத் தொடங்குவது அதுதான். மணிக்கயிற்றை இழுத்து, மணற்கடிகாரத்தைத் திருப்பும். பக்கத்துப் பொம்மைகள் ‘இப்போது வேண்டாம்’ என்று தலையாட்டும். பிறகு சன்னல்கள் திறந்து அப்போஸ்தலர்கள் கடந்து போவார்கள், சேவல் கூவும், மணி அடிக்கும். ஹனுஷ் என்ற கைவினைஞர் இதைச் செய்தார், இன்னொன்று செய்யாதபடி அவர் கண்ணைப் பிடுங்கினார்கள் என்ற கதையை வழிகாட்டிகள் இன்னும் சொல்வார்கள். 1410 இல் கடிகாரத்தைச் செய்தவர் கதான் ஊர் மிகுலாஷ், கணக்குப் போட்டவர் வானியலாளர் யான் ஷிண்டெல் என்பதே ஆவணங்கள் சொல்வது. கீழ் வட்டத்தில் உள்ள நாள்காட்டிப் படங்கள் யோசெஃப் மானெஸ் 1866 இல் வரைந்தவற்றின் நகல்கள்.

நகர மன்றம் திங்கட்கிழமை மட்டும் தாமதமாகத் திறக்கும். உள்ளே நிலவறைகளைத் தவறவிடாதீர்கள். வெள்ளத்துக்குப் பயந்து 13 ஆம் நூற்றாண்டில் நகரத்தின் தரையையே மண்கொட்டி உயர்த்தினார்கள். அன்றைய வீடுகளின் தரைத்தளம்தான் இன்றைய நிலவறை.

சதுக்கத்தில் பசித்தால் இரண்டு எச்சரிக்கைகள். தணலில் வாட்டும் பன்றித்தொடை இறைச்சியின் விலை 100 கிராமுக்கு எழுதியிருக்கும், தட்டு முழுதுக்கும் அல்ல. எடை போடும் முன் எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உருளையில் சுற்றிச் சுடும் டிர்டெல்னிக் ‘பழைய பிராக் பலகாரம்’ என்று விற்கிறது. அது இந்தத் தெருக்களுக்கு வந்து சில பத்தாண்டுகள்தான். சைவர்களுக்கு எங்கும் கிடைப்பது பொரித்த பாலாடைக்கட்டி. மேல்மாவில் முட்டை உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

வெயில் இருந்தால் இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம். சதுக்கத்தில் 1918 இல் சாய்த்து 2020 இல் மீண்டும் நிறுத்திய மாதா தூணருகே தரையில் ஒரு பித்தளைப் பட்டை ஓடுகிறது, பிராக்கின் தீர்க்கரேகை. தூணின் நிழல் அதன்மேல் விழும்போது நகரத்தில் நண்பகல் என்று அந்நாளில் வைத்துக்கொண்டார்கள். கோடையில் 12 மணிக்கு நின்று பார்த்து, நிழல் விலகியிருக்கிறதே என்று போய்விடாதீர்கள். கோடை நேரத்தில் நிழல் பட்டையைத் தொடும்போது கைக்கடிகாரம் ஏறத்தாழ 1 மணி காட்டும், மாதத்துக்கு மாதம் சில நிமிடங்கள் முன்னும் பின்னும். பட்டைமேல் கூட்டம் நின்றால் வடக்கு முனைப் பக்கம் போய் நில்லுங்கள், நிழல் விழுவது அந்தப் பக்கம்தான்.